கியர் வண்டி

பொறாமை என்று சொன்னால் சூசைக்குக் கோபம் வந்துவிடும். அது பொறாமை இல்லை, அக்கறை என்பான். விடியாத நேரத்தில் கிருஷ்ணகிரி ரோட்டில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பெண்டாட்டி தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போவதை எந்தப் புருஷன் ஒத்துக்கொள்வான் என்று கேட்பான். அவன் கேட்கிற விதத்திலேயே தெரிந்துவிடும், ஆளுக்கு வயிறு எரிகிறது என்று.

மத்திகிரியில் கால்நடைப் பண்ணைச் சுவருக்கு எதிரே வரிசையாக எட்டு வாடகை வீடுகள். மூன்றாவது வீடு சூசையுடையது. சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். ஐடிஐ சர்டிபிகேட்டோடு ஓசூருக்கு பஸ் ஏறிப் பதினாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து சிப்காட்டில் ஒரே கம்பெனி, ஒரே மெஷின், மோட்டார் சைக்கிளுக்குக் கியர் வெட்டுகிற வேலை. வெட்டி விழுந்த கியரை எடுத்து விரலால் ஒரு சுற்று தடவினாலே நல்லதா கழிசலா என்று சொல்லிவிடுவான். மெஷினில் ஊற்றும் எண்ணெயின் வாசனை ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போட்டுப் போகும் சட்டையில்கூட இருக்கும். அதில் அவனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அவன் மனைவி கிருபாராணிக்கு ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம், காட்டு ஓரம். அப்பா வீட்டில் ஐந்து மாடு, மூன்று ஏக்கர் ராகி. ராகி முற்றினால் யானை வந்துவிடும் என்று அண்ணன்காரன் இரவெல்லாம் பரண்மேல் தகரம் தட்டிக்கொண்டு கிடப்பான். விடிந்தால் தூங்கிவிடுவான். "பால் சொசைட்டிக்கு நான்தான் கொண்டு போவன், தெரியுமா" என்று அவள் சொல்லிச் சூசை நூறு தடவை கேட்டிருப்பான். கேட்டுக்கொண்டே டிவி பார்ப்பான்.

அவளும் மூன்று வருஷமாக வேலைக்குப் போகிறாள். சூளகிரிக்கு இந்தப் பக்கம் ஒரு ஒயரிங் கம்பெனி. எலக்ட்ரிக் பைக்குக்குள் போகும் ஒயர்களைக் கலர் பார்த்து, அளவு பார்த்து, டேப் சுற்றிக் கட்டுக் கட்டாக அனுப்புகிற இடம். அவள் சேர்ந்தபோது அங்கே ஒரு லைன் ஓடியது. இப்போது நாலு லைன். அதே மூன்று வருஷத்தில் சூசையின் கம்பெனியில் என்ன நடந்தது என்று அவன் வீட்டில் சொல்வதில்லை. ஆறு மாதமாக ஓவர்டைம் கிடையாது. அவன் மெஷினுக்கு அந்தப் பக்கம் இரண்டு மெஷின்களைப் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். அந்த ஷீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு ஏனோ பெண்டாட்டி ஞாபகம் வரும்.

ஆனி மாதத் தூறல் நாலு நாளாக விடவில்லை. அன்று சாயங்காலம் ராகிக் களியும் அவரைக்கொட்டைச் சாறும். மகள் அனிட்டா சாப்பிட்டு முடித்து டியூஷனுக்கு ஓடிவிட்டாள். கிருபாராணி களியை உருட்டித் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அனிட்டாப்பா, எனக்கு லைன் லீடர் குடுக்கறாங்களாம்."

"யாரு சொன்னா?"

"ஹெச்ஆர் மேடம். ஒண்ணாந்தேதியில இருந்து. முப்பது பொண்ணுங்க என் கையில இருப்பாங்களாம்."

"சந்தோஷம்" என்றான் சூசை. பதினாலு வருஷத்தில் அவன் கையில் இருந்தது ஒரு மெஷின்தான். களியை விழுங்கினான். தஞ்சாவூர்க்காரனுக்கு அது வழக்கமாகவே கொஞ்சம் மெதுவாகத்தான் இறங்கும்.

"ஒரு சிக்கல் இருக்குது. லீடருங்க அஞ்சரைக்கே உள்ள இருக்கணும், முந்தின ஷிப்டுகாரங்ககிட்ட லைனை வாங்கணுமில்ல. கம்பெனி பஸ்ஸு அஞ்சே முக்காலுக்குத்தான் போயிச் சேருது. சொந்த வண்டி இருந்தாத்தான் குடுப்பாங்க. இல்லைன்னா எங்க லைன்லயே இருக்கற சுஹைனாவுக்குப் போயிடும்."

"என்ன வண்டி?"

"எலக்ட்ரிக் எடுத்துக்கறன். எங்க கம்பெனி ஆளுங்களுக்கு விலை கொறைச்சுத் தர்றாங்க. வாசல்ல நம்ம பிளக்குலயே சார்ஜ் போட்டுக்கலாம்."

"அது ஒரு வண்டியா? மிக்ஸிக்கு ரெண்டு சக்கரம் மாட்டுன மாதிரி. சத்தமும் இல்ல, கியரும் இல்ல. மழைக்கு நடு ரோட்டுல நின்னா என்ன பண்ணுவ?"

"அதுல போற ஒயரைக் கட்டறதே நான்தான். நிக்காதுங்க."

இதுதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. தட்டைத் தள்ளி வைத்தான். "நூறு சிசியில ஒரு கியர் வண்டி எடுப்போம். முப்பது வருஷம் உழைக்கும். நானே கொண்டு போயி விட்டுட்டு வந்துடறேன்."

"உங்களுக்கு நைட் ஷிப்டு வர்ற வாரம்?"

"அந்த வாரம் லீவு சொல்லிக்க."

"மூணு வாரத்துக்கு ஒரு வாரம் லீவு போடறவளுக்கு எவன் லீடர் குடுப்பான்?"

"அப்ப நீயே ஓட்டுவியா? கியர் வண்டி பொம்பளைங்களுக்கு வராது ராணி. கிளட்ச்சு, கியரு, பிரேக்குன்னு காலும் கையும் ஒண்ணா ஓடணும்."

கிருபாராணி வாயைத் திறந்தாள். அவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். வாதத்தில் ஜெயித்துவிட்டதாக சூசை நினைத்துக்கொண்டான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சூசை கியர் வெட்டுகிறவன்தானே தவிர, வண்டி ஓட்டப் பழகியதே இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான். அதுவரை கம்பெனி பஸ், டவுன் பஸ், நடை. பக்கத்து மெஷின்காரன் இலியாஸ் தன் வண்டியைக் கொடுத்துப் பண்ணை மைதானத்தில் பழக்கினான். மூன்று ஞாயிற்றுக்கிழமை, மூன்று தடவை விழுந்தான். கிளட்ச்சை விட்டால் வண்டி தவளை மாதிரி தாவி நின்றுவிடும். சுவர் ஓரம் அனிட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்ற கிருபாராணி சிரிக்கவில்லை. அவன் விழும்போதெல்லாம் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை பாகலூர் ரோட்டில் இருக்கும் ஷோரூமுக்குப் போனார்கள். இரண்டு வகை வண்டியும் அங்கேயே இருக்கிறது, பார்த்து முடிவு செய்யலாம் என்று ஏற்பாடு. கூடவே நாலாவது வீட்டு நஞ்சம்மாவும் வந்தாள். அந்த எட்டு வீட்டில் யார் ஃபிரிட்ஜ் வாங்கினாலும் ஆடு வாங்கினாலும் அட்வான்ஸ் பணத்தை நஞ்சம்மா கையால்தான் கொடுப்பார்கள். பண்ணையில் தீவனப்புல் அறுக்கிற கை, ஆனால் ராசியான கை. அவள் கை பட்ட பொருள் கெட்டுப்போனதில்லை என்பது அந்த வரிசையில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். வேதக்கார வீடாக இருந்தாலும் சூசையும் இதில் மாற்றிப் பேசுவதில்லை.

ஷோரூமில் மாதேஷ் என்று ஒரு பையன். இருபத்தைந்து வயதுக்குள், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. முதலில் எலக்ட்ரிக் வண்டியிடம் கூட்டிக்கொண்டு போனான்.

"சார், இதுல இன்ஜின் இல்ல, செயின் இல்ல, கியர் இல்ல. மெயின்டெனன்ஸே கிடையாது. இன்னும் அஞ்சு வருஷம் பாருங்க சார், இந்த கியர் பண்ற கம்பெனி எல்லாம் ஷட்டரை இழுத்துட்டு..."

அப்போதுதான் கிருபாராணி குறுக்கே புகுந்து கன்னடத்தில் ஏதோ சொன்னாள். ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை இல்லை, கடகடவென்று நாலைந்து வாக்கியம். மாதேஷ் நாக்கைக் கடித்துக்கொண்டான். சூசையை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே அவளுக்குக் கன்னடத்தில் பதில் சொன்னான். அவளும் சிரித்தாள். பக்கத்தில் நின்ற நஞ்சம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சூசைக்குக் காது சூடாகிவிட்டது. பதினாலு வருஷம் இந்த ஊரில் இருந்து அவன் கற்ற கன்னடம் 'ஊட்ட ஆய்த்தா', சாப்பிட்டாச்சா என்கிற ஒன்றுதான். மெஷின் பக்கத்தில் எல்லாரும் தமிழ், மிஞ்சினால் ஹிந்தி. அவளோ காய்காரியிடம் தெலுங்கு, நஞ்சம்மாவிடம் கன்னடம், மாமியாரிடம் தமிழ் என்று மாறிக்கொண்டே போவாள். வீட்டில் அது அழகாகத்தான் இருக்கும். இங்கே, மடிப்புக் கலையாத சட்டைக்காரன் முன்னால், அவனை வெளியே நிற்க வைத்துக் கதவைச் சாத்தியது போல் இருந்தது.

அதற்குப் பிறகு மாதேஷ் ரொம்பவே பணிந்து பேசினான். "சார் உட்காருங்க சார், டீ சொல்றேன் சார்" என்றான். அந்த மரியாதை இன்னும் எரிச்சலாக இருந்தது. என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்லியிருக்கிறாள், அதற்குத்தான் இவன் பரிதாபப்படுகிறான் என்று முடிவு கட்டினான்.

கியர் வண்டிப் பக்கம் வந்தார்கள். கறுப்பு வண்டி, சிவப்புக் கோடு. கிருபாராணி சும்மா ஏறி உட்கார்ந்து பார்த்தாள். சுடிதார் நுனியை ஒதுக்கிக்கொண்ட மாத்திரத்தில் அவள் இடது கால் தானாகப் போய் கியர் மேல் உட்கார்ந்தது. மாதேஷ் அதைக் கவனித்தான். சூசை மாதேஷை மட்டும்தான் கவனித்துக்கொண்டிருந்தான்.

"இதையே புக் பண்ணிக்க" என்றான் சூசை, சத்தமாக.

"ஏங்க, வீட்டுக்குப் போயி ஒரு தடவை பேசிட்டு..."

"பேசுனதெல்லாம் போதும். ஊருக்கெல்லாம் பேசியாச்சு. நஞ்சம்மாக்கா, பணத்தைக் குடுங்க."

நஞ்சம்மா பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிருபாராணியைப் பார்த்தாள். கிருபாராணி கண்ணாடிக்கு வெளியே தூறலைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். நஞ்சம்மா கிழக்கே பார்த்து நின்று நோட்டுகளை எண்ணாமல் அப்படியே மாதேஷ் கையில் வைத்தாள்.

அடுத்த நாலு நாளும் வீட்டில் சத்தம் இல்லை. அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டும் இல்லை, அதுதான் அவனுக்குப் புரியவில்லை. லைன் லீடர் பேச்சை அவளும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. புதன்கிழமை அவள் குளிக்கப் போயிருந்தபோது அவள் போன் அடித்தது. எடுத்தான். "அக்கா, நான் மாதேஷ்" என்றது போன். சூசை டக்கென்று வைத்துவிட்டான்.

"அவன் எதுக்கு உனக்கு போன் பண்றான்?" என்றான், அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும்.

"எவன்?"

"அந்த ஷோரூம்காரன். அக்காவாம்."

"பேப்பர்ல யாரு நம்பரை எழுதுனீங்க?"

சூசை யோசித்தான். வேலை நேரத்தில் தன் போன் லாக்கரில் கிடக்கும் என்று அவள் நம்பரை எழுதிக் கொடுத்தவனே அவன்தான். "அதுக்காக ஒடனே அக்காவா?" என்று முனகிவிட்டு வெளியே வந்துவிட்டான்.

வியாழக்கிழமை அவன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டான். காலையில் குழாயடியில் நஞ்சம்மா பண்ணைக்குக் கிளம்புமுன் அரிவாளைக் கழுவிக்கொண்டிருந்தாள். சூசை ஒரு குடத்தை வைத்தான். நிரம்பியும் நகராமல் நின்றான்.

"நஞ்சம்மாக்கா, அன்னைக்குக் கடையில ராணி அந்தப் பையன்கிட்ட என்னமோ சொன்னாளே. நீங்ககூட சிரிச்சீங்க."

"சிரிச்சனா?"

"வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சீங்க. என்ன சொன்னா?"

நஞ்சம்மா அரிவாளைத் துடைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அதை இத்தனை நாளு வயித்துல வச்சிருந்தியா நீனு? சொல்றன் கேளு. 'தம்பி, எங்க வீட்டுக்காரரு பதினாலு வருசமா கியரு வெட்டறாரு. மூடிடுவாங்க கீடிடுவாங்கன்னு அவரு எதுருக்க பேசாத. மனசு நொந்துக்குவாரு. உன் வண்டி நல்லாயிருக்குன்னா அதை மட்டும் சொல்லு'ன்னா. அந்தப் பையன், 'எங்க அப்பாவும் லேத்துலதான் அக்கா வேலை செய்யறாரு, தப்பாயிடுச்சு, அடிச்சிடாதீங்க'ன்னான். அதுக்குத்தான் சிரிச்சோம்."

குடத்தில் தண்ணீர் வழிந்து அவன் காலை நனைத்தது. மூடி வைத்த இரண்டு மெஷின்களைப் பற்றி அவன் வீட்டில் சொன்னதே இல்லை. அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஆறு மாதமாகத் தெரியாதவள் மாதிரி இருந்திருக்கிறாள். சூசைக்கு அழுகை வந்தது என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டான், ஆனால் வந்தது.

"அக்கா, இன்னைக்கே போயி மாத்திடறேன். எலக்ட்ரிக்கே எடுத்துடலாம். நீங்க கூட வாங்க, அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கி..."

"திரும்ப வாங்கறதா?" நஞ்சம்மாவின் குரல் மாறிவிட்டது. "என் கையால குடுத்ததைத் திரும்ப வாங்கறதா? ஏன்ப்பா, நாளைக்கு இந்த எட்டு வீட்டுல எவ என்னைக் கூப்புடுவா? குடுத்தது குடுத்ததுதான். கோபத்துல குடுக்கச் சொன்னது நீனு. என் கை என்ன பண்ணுச்சு?"

அவன் கெஞ்சிப் பார்த்தான். அவள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு பண்ணைக் கேட்டை நோக்கி நடந்துவிட்டாள்.

மத்தியானம் ஷிப்டு முடிந்து கிருபாராணி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் சூசை வாசலிலேயே பிடித்துக்கொண்டான். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சுற்றி வளைத்து, கடைசியில், "நஞ்சம்மாக்கா ஒத்துக்க மாட்டேங்குறாங்க. அவங்க கோவிச்சாலும் பரவாயில்ல, நாம மாத்திக்குவோம். உனக்கு அந்த மிக்ஸியே... எலக்ட்ரிக்கே வாங்கிடறேன்" என்றான்.

"நஞ்சம்மாக்கா சொன்னாங்களா?" என்றாள். எதைச் சொன்னாங்களா என்று அவனும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

"விடுங்க. அவங்க மனசை எதுக்கு நோகடிக்கணும்? கியர் வண்டியே வரட்டும்."

"அப்ப உன் வேலை?"

"மேடம்கிட்ட வர்றன்னு திங்கக்கெழமையே சொல்லிட்டன்."

"எப்படிப் போவ?"

"போவன்" என்று செருப்பைக் கழற்றி விட்டு உள்ளே போனாள். தன்மேல் உள்ள கோபத்தில் ஆட்டோ வைத்துப் போகப் போகிறாள் என்று சூசை எண்ணிக்கொண்டான். மாதேஷாவது தெரிந்த முகம், ஆட்டோக்காரன் எவனோ என்று புது எரிச்சல் ஒன்று லேசாகத் தலைகாட்டவும் செய்தது.

சனிக்கிழமை வண்டி வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் நஞ்சம்மா சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னாள். சூசைதான் ஏற்றினான். கிளட்ச்சைச் சட்டென்று விட்டதில் வண்டி தாவி, பழம் நசுங்காமல் உருண்டு ஓடியது. எட்டு வீட்டு ஜனமும் சிரித்தது. கிருபாராணி மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திங்கள் ஒண்ணாந்தேதி. அந்த வாரம் சூசைக்கு மத்தியான ஷிப்டு. நாலரைக்கே எழுந்து முகம் கழுவி ஜெர்க்கின் மாட்டிக்கொண்டான். இந்த வாரமாவது கொண்டு போய் விடுவோம், நைட் ஷிப்டு வாரத்துக்குச் சூப்பர்வைசர் காலில் விழுந்தாவது ஷிப்டு மாற்றிக் கேட்போம் என்று இருந்தான். வெளியே தூறல் விட்டுக் குளிர்க்காற்று. பண்ணைக்குள் மாடு ஒன்று கத்தியது.

கிருபாராணி வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். புது யூனிஃபார்மில் பாக்கெட்டுக்கு மேலே லைன் லீடர் என்று பேட்ஜ். துப்பட்டாவைத் தலையில் சுற்றி அதற்கு மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சாவியைக் குடுங்க."

"நான் ஓட்டறேன், நீ பின்னாடி..."

"நீங்க தூங்குங்க. மத்தியானம் எட்டு மணி நேரம் நிக்கணும்."

"ராணி, இது கியர் வண்டி. உனக்குத் தெரியுமா?"

"பின்ன நாப்பது லிட்டர் பாலைச் சொசைட்டிக்குத் தலையிலயா வச்சிக்கினு போனன்? அண்ணன் வண்டியிலதான். ரெண்டு பக்கம் கேனு, நடுவுல நானு. ஆறு வருசம், காட்டு ரோட்டுல."

சூசை ஜெர்க்கின் ஜிப்பை இறக்கினான். பிறகு கேட்டான், "ஏன் சொல்லல?"

அவள் ஹெல்மெட் பட்டையைப் போட்டுக்கொண்டாள். "பண்ணை மைதானத்துல நீங்க விழுந்து விழுந்து எந்திரிச்சீங்க. அதைப் பாத்துட்டு, எனக்கு வரும்னு எப்படிங்க சொல்றது? அதுக்குத்தான் எலக்ட்ரிக்கே எடுத்துக்கறன்னன். அதுல கியரே இல்ல. உங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

சாவியை அவன் கொடுத்தானா அவள் எடுத்துக்கொண்டாளா என்று அவனுக்கே நினைவில்லை. ஒரே உதை, வண்டி பிடித்துக்கொண்டது. கிளட்ச்சை விட்டதே தெரியவில்லை, தண்ணீர் நகர்வது போல் நகர்ந்தது. சூசை வாசலில் நின்று காதால் பார்த்தான். ஒன்று. பண்ணைச் சுவர் முடிகிற இடத்தில் இரண்டு. மேட்டில் மூன்று, பல்லோடு பல் உரசாமல். மெயின் ரோட்டில் திரும்பியதும் நாலு. அந்தக் கியரில் ஒன்றைத் தானே வெட்டியிருக்கலாம் என்று நினைத்தான். உடனே, இதை இவளுக்கு எவன் சொல்லிக் கொடுத்தான் என்றும் நினைத்தான்.

அண்ணன்தான் சொல்லிக் கொடுத்திருப்பான். வேறு யார். ஆனாலும் அன்று காலை முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் தூங்குகிறவனாயிற்றே, அவன் எங்கே சொல்லிக் கொடுத்திருப்பான் என்று அனிட்டாவுக்குச் சடை போடும்போது ஒரு தடவை, பாத்திரம் கழுவும்போது ஒரு தடவை யோசித்தான்.

இரண்டேகாலுக்குக் கம்பெனி பஸ். இலியாஸ் ஜன்னல் ஓரம் இடம் பிடித்து வைத்திருந்தான்.

"என்னடா, புது வண்டி எடுத்துட்டு பஸ்ல வர்ற?"

"ராணி எடுத்துட்டுப் போயிருக்கா."

"கியர் வண்டியவா?"

சூசை பதில் சொல்வதற்குள் பஸ் வேகத்தடையில் மெதுவானது. எதிர்ப்பக்கம் கறுப்பு வண்டி, சிவப்புக் கோடு. பின்னால் ஒயரிங் கம்பெனிப் பெண் ஒருத்தியை உட்கார வைத்துக்கொண்டு கிருபாராணி வந்தாள். ஒரு கியரைக் குறைத்து, தடையில் ஏறி இறங்கி, மறுபடி கியரை மாற்றிப் போய்விட்டாள். பஸ்ஸை அவள் பார்க்கவில்லை.

இலியாஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். "யப்பா. உனக்குக்கூட இப்படி வராதுடா. யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்" என்றான் சூசை.

இலியாஸ் அவன் முகத்தைப் பார்த்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமையும் சூசையை மண்ணிலிருந்து தூக்கி விட்டவன் இலியாஸ்தான்.

"நீயா?"

"ஆமா, நான்தான்" என்றான் சூசை மறுபடியும். பஸ் நகர்ந்தது.